இரண்டாவது பவர் சப்ளை

அன்று புது வார்டின் நெட்வொர்க் அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். குரு திலகவதி, வயது முப்பத்தெட்டு. சீடர் சவரிமுத்து, வயது ஐம்பத்தொன்று. பத்தொன்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நெட்வொர்க் வேலைக்கு வந்து நான்கு மாதம். மூன்றாமவர் தலைமை நர்ஸ் ரபீக்கா.

மறுநாள் காலை இருபத்துநான்கு நோயாளிகள் வருவதாக இருந்தது. படுக்கைக்கு ஒன்றாக இருபத்துநான்கு அழைப்புக் கருவிகள். நோயாளி பொத்தானை அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும். அந்தக் கருவிகளுக்கு வேண்டிய கரண்டும் நெட்வொர்க் வயர் வழியாகவே, இந்த அறையில், வயர்கள் எல்லாம் வந்து சேரும் சுவிட்ச் என்ற பெட்டியிலிருந்து போனது. கேமராக்களுக்கும் வாசலில் மாட்டிய டிஜிட்டல் திரைகளுக்கும் அப்படியே.

சுவிட்ச் தயார் என்று சவரிமுத்து கையெழுத்துப் போட்டால் வார்டைத் திறக்கலாம். அவர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"பவர் சப்ளை ரெண்டு இருக்கு மேடம். ஒவ்வொன்னும் எழுநூறு வாட். சேர்ந்தா ஆயிரத்து நானூறு. நம்ம செலவு தொள்ளாயிரம். ஐந்நூறு மிச்சம்."

"தொள்ளாயிரம் எப்படி வந்தது?"

"படுக்கைக்கு இருபது வாட், அது நானூத்தி எண்பது. கேமரா பன்னிரண்டு, பதினஞ்சு வீதம் நூத்தி எண்பது. வாசல்ல திரை எட்டு, முப்பது வீதம் இருநூத்தி நாற்பது. திறப்பு விழா அவசரம்னு திரையைத்தான் முதல்ல மாட்டினேன். படுக்கை கடைசியா."

"ரெண்டாவது சப்ளை எதுக்கு அண்ணே?"

"ஒன்னு போனா இன்னொன்னு காப்பாத்தும்."

குரு குனிந்து, சப்ளைக்கு ஒன்றாக இருந்த இரண்டு பவர் கேபிள்களில் ஒன்றைப் பிடுங்கினார்.

சுவிட்ச் அணையவில்லை. சவரிமுத்து சிரித்தார். "நான் சொல்லல?"

ரபீக்கா வார்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பதினஞ்சுலேர்ந்து இருபத்துநாலு வரைக்கும், பத்துப் படுக்கையில அழைப்புக் கருவியில லைட்டே இல்ல. வாசல்ல எட்டுத் திரையும் நல்வரவுன்னு பளபளன்னு நிக்குது. வாங்கன்னு நாம கூப்பிடுவோம்; வந்தவங்க கூப்பிட்டா நமக்குக் கேக்காது. நல்ல உபசாரம் அண்ணே."

சவரிமுத்து விரல் விட்டு எண்ணினார். இரண்டு முறை எண்ணினார்.

"எழுநூறுக்கு மேல தர முடியல. கடைசியா மாட்டினதை விட்டிருச்சு."



சவரிமுத்து பேனாவை மூடினார். திரைகளின் வயர் எட்டையும் கழற்றினார். பிடுங்கிய கேபிளைத் திரும்ப மாட்டினார். பிறகு, யாரும் சொல்லாமலே, ஒரு கேபிளைத் தாமே பிடுங்கிப் பார்த்தார். அதை மாட்டிவிட்டு மற்றதைப் பிடுங்கினார். ஒவ்வொரு தடவையும் ரபீக்கா வார்டுக்குள் நடந்து போய் வந்தார்.

"ரெண்டு தடவையும் இருபத்துநாலும் உசிரோட இருக்கு."

சவரிமுத்து மூச்சு விட்டார்.

"இப்ப செலவு அறுநூத்தி அறுபதுதான் மேடம். ஆயிரத்து நானூறுல எழுநூத்தி நாற்பது சும்மா கிடக்கு. நிர்வாகத்துல கேப்பாங்க. வாசல்ல ரெண்டு திரையாவது திரும்ப மாட்டிடவா?"

குரு அவர் கையைப் பார்த்தார். பிடுங்கிய கேபிள் இன்னும் அதில் இருந்தது.

"அதைக் கையில வச்சுக்கிட்டே சொல்லுங்க அண்ணே. மிச்சம் எவ்வளவு?"

சவரிமுத்து கேபிளைப் பார்த்தார்.

"நாற்பது," என்றார்.