கச்சான் அண்ணாச்சி கோபித்துக்கொண்ட வருஷம்

மீனும் காற்றும் உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தேரிமணல் கரைக்கு எதிரே உள்ள கடலில் கச்சான் காற்றுக்கு ஓய்வு ஒழிச்சலே கிடையாது. தென்மேற்கிலிருந்து கரையைத் தாண்டி வந்து வருஷம் முழுக்க வீசிக்கொண்டே இருப்பார். குணம் தங்கம்தான், கை மட்டும் கொஞ்சம் முரடு.

அதே கடலில் மினுக்கி என்று ஒரு சாளை மீன் இருந்தாள். ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரித்திருந்தாள். ஒன்று விடாமல் அத்தனைக்கும் பேர் வைத்திருப்பதாக வேறு பீற்றிக்கொள்வாள். கச்சான் ஒரு வீச்சு வீசினால் போதும், குஞ்சுகள் நாலா திசைக்கும் சிதறிவிடும். கூட்டிச் சேர்ப்பதற்குள் அவளுக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒருநாள் பொறுக்க முடியாமல் தண்ணீருக்கு மேலே எம்பிக் கத்தினாள்.

“அண்ணாச்சி! உமக்கு வேற சோலியே கிடையாதா? பச்சைப்பிள்ளைக இருக்கிற இடத்துல இப்படியா ஆடுவீரு? எங்கயாவது போய்த் தொலையும்!”

கச்சானுக்குச் சுருக்கென்றது. “இவ்வளவு நாள் வீசினதுக்கு இதான் மரியாதையா? நல்லாயிரு தாயி” என்று சொல்லிவிட்டு, தேரிமணல் மேட்டுக்குப் பின்னால் போய் முதுகைக் காட்டிப் படுத்துவிட்டார்.

கடல் அடங்கிக் கிடந்தது. மினுக்கிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அண்டை அயலாரிடமெல்லாம் தன் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்தச் சந்தோஷம் ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை.

சாளைக் குஞ்சுகள் தின்பது கடல்மேல் மிதக்கிற பச்சைப் பாசித்தூளை. கண்ணுக்கே தெரியாத பொடி அது. நாளுக்கு நாள் அது குறைந்துகொண்டே வந்தது. தண்ணீர் நீலமாக, பளிங்குபோலத் தெளிந்துவிட்டது. பார்க்க அழகுதான், அழகைத் தின்ன முடியுமா? குஞ்சுகள் மெலிந்து நூலாகிவிட்டன. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பக்கூடத் தெம்பில்லை. சில குஞ்சுகள் கூப்பிட்டும் வரவில்லை.

மினுக்கி மிச்சமிருந்த பாசித்தூளிடம் போய்க் கேட்டாள். “ஏளா, நீங்க ஏன் வளர மாட்டேங்கிறீக?”

“வெயில் இருக்கு. வெயில மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய? உரம் வேணும்லா? செத்தது, மக்கினது எல்லாம் அடியில போய்ச் சேர்ந்துட்டு. ஒரு துளி மேல வரலியே.”

மினுக்கி அடிக்கடலுக்குப் பாய்ந்தாள். ஒரே இருட்டு, உடம்பு விறைக்கிற குளிர். சேற்றில் உருண்டையன் என்கிற கடலட்டை படுத்துக் கிடந்தான்.

“உரமா? மலைமலையாக் குவிஞ்சு கெடக்கு. அள்ளிட்டுப் போ” என்றான்.

வாய் கொள்ளுமட்டும் அள்ளிக்கொண்டு ஏறினாள். பாதி வழியிலேயே எல்லாம் செவுள் வழியாக ஒழுகிப்போனது. திரும்ப வந்து அள்ளினாள். திரும்பவும் ஒழுகியது. மூன்றாம் தடவை வந்தபோது உருண்டையன் சிரித்தேவிட்டான்.

“வாயால அள்ளி முடியுற காரியமா இது? இந்தக் குளுந்த தண்ணியே மேல ஏறணும். ஆனா மேல சூட்டுத்தண்ணி மூடி போட்ட மாதிரி கெடக்கு. அதக் கடலுக்குள்ள தள்ளி ஒதுக்கினா, அந்த எடத்துக்கு இது தானா ஏறி வரும். முன்னெல்லாம் ஒருத்தரு தள்ளிக்கிட்டுத்தான் இருந்தாரு. யாரோ ஒருத்தி ஏசி வெரட்டிட்டாளாம்.”

மினுக்கி அவன் முகத்தைப் பார்க்காமல் மேலே பாய்ந்தாள்.

நேரே கரைக்கு நீந்தினாள். அங்கிருந்து எவ்வளவு கத்தியும் மணல்மேட்டுக்குப் பின்னால் அவள் குரல் எட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஒரே துள்ளாகத் துள்ளிக் கரையிலே போய் விழுந்தாள். வெந்த மணல் உடம்பெல்லாம் ஒட்டிக்கொண்டது.

“அண்ணாச்சி! தப்பு எம்மேலதான். பிள்ளைக சாவுது. எந்திரியும்!”

கச்சான் பதறிப்போய் எழுந்தார். “ஏளா, கிறுக்கு புடிச்சிருக்கா? தண்ணிய விட்டு வந்தா செத்துப்போவியே!”

“நீரு வரலேன்னா அங்க கெடந்தும் சாகத்தான போறோம்.”

அதற்குமேல் கச்சானுக்கு மனசு கேட்குமா? ஓடிவந்த வேகத்தில் அவளை வாரிக் கடலில் போட்டார். அதே வேகத்தில் மேல்தண்ணீரைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போனார். அந்த இடத்துக்கு அடியிலிருந்து குளிர்ந்த தண்ணீர் குபுகுபுவென்று ஏறி வந்தது. நாலாம் நாள் கடல் பச்சைப் பசேல் என்று ஆகிவிட்டது. குஞ்சுகள் தின்றன, தின்றன, வயிறு புடைக்கத் தின்றன. மினுக்கி ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டாள். சில பேர்களுக்குப் பதில் இல்லை. அழுதாள். மற்ற எல்லாம் துள்ளிக்கொண்டு வந்தன. அவற்றைப் பார்த்து நிம்மதியிலும் அழுதாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அண்ணாச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கக் கூடாது” என்று மெதுவாக ஆரம்பித்தாள். “வருஷம் பூரா வேண்டாம். சில மாசம் வீசும். பெறவு நீரும் படும், பிள்ளைகளும் அலையாம இருக்கட்டும்.”

“இவ்வளவு ஆனதுக்கப்புறமும் ஒன் அதிகாரம் போகலியே!” என்று கச்சான் வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் சம்மதித்தார்.

அன்றைக்குப் பேசி முடித்தபடிதான் ஆனியில் எழுந்திருக்கிற கச்சான், ஆவணி கழிந்ததும் போய்ப் படுத்துக்கொள்கிறார். காற்று மணலை வாரி முகத்தில் அடித்தாலும், கடலில் காலை வைத்ததும் தண்ணீர் சில்லென்று கடித்தால், கரைக்காரர்கள் “அப்பாடா, இந்த வருஷமும் சாளை வந்துரும்” என்று மூச்சு விடுவது அன்று முதல்தான்.