இருநூற்றுப் பதினாறு பொத்தான்கள்

சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது. குருவுக்கு முப்பத்தாறு.

சீடர் பெயர் வைத்தியலிங்கம். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால், திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்த வங்கிக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் மென்பொருள் எழுதிக் கொடுத்தவர். குரு ஜெசிந்தா. பிறவியிலேயே பார்வை இல்லாதவர். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரைக் கொண்டு, உறையூரில் ஒரு மாடி அறையில், தன்னைப் போன்றவர்களுக்குக் கணினி கற்றுத் தந்தார். எவ்வளவு பழைய ஜாவா மென்பொருளையும் ஜெசிந்தா டீச்சர் பேச வைத்துவிடுவார் என்று சொல்வார்கள்.

அதைக் கேள்விப்பட்டுத்தான் வைத்தியலிங்கம் மாடியேறினார். வகுப்பு முடிந்து எல்லோரும் போயிருந்தார்கள். ஜெசிந்தா ஹெட்போன்களைத் துடைத்து ஒவ்வொன்றாக ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், என் ஸ்கிரிப்ட் தப்பான பொத்தானை அழுத்திடுச்சு. இனிமே தப்பாம அழுத்தணும். அதுக்கு நீங்கதான் வழி சொல்லணும்."

"யாருக்கு என்ன ஆச்சு?"

"பொத்தானைப் பத்திக் கேட்க வந்தேன்..."

"அது தெரியுது சார். யாருக்கு என்ன ஆச்சு?"

வைத்தியலிங்கம் உட்கார்ந்தார். சொன்னார்.

ரத்த வங்கிக்குப் புது மென்பொருள் வருகிறது. இன்னும் இரண்டே மாதம். அதற்குள் பழையதில் இருக்கும் பதினோராயிரம் கொடையாளர்களின் விவரத்தையும் ஒவ்வொரு அட்டையாகத் திறந்து புதியதில் ஏற்ற வேண்டும். அந்த வேலையை ஆள் இல்லாமல் தானாகச் செய்ய ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கணினிக்கான கட்டளை வரிசை, எழுதினார். திரையில் இந்த இடத்தில் சொடுக்கு, பிறகு அந்த இடத்தில் சொடுக்கு, நடுவில் ஏதாவது கேள்விப் பெட்டி வந்தால் 'ஆம்' என்று அழுத்து. அவ்வளவுதான். மூன்று நாள் தவறில்லாமல் ஓடியது.

நான்காம் நாள் காலையில் கணினி தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. திரையில் எழுத்துகள் சற்றே பெரிதாயின. பொத்தான்கள் ஒரு விரற்கடை தள்ளிப் போயின. ஸ்கிரிப்ட் பழைய இடத்திலேயே சொடுக்கியது. 'அடுத்த அட்டை' இருந்த இடத்தில் இப்போது 'நிரந்தரமாக விலக்கு' இருந்தது. உறுதியா என்று கேட்டது. ஆம் என்றது ஸ்கிரிப்ட்.

ரத்த வங்கியின் டெக்னீஷியன் குமுதவல்லி பார்த்து, ஓடிவந்து ஒயரைப் பிடுங்குவதற்குள் நாற்பத்து மூன்று பேர் விலக்கப்பட்டிருந்தார்கள். நாற்பத்து மூன்று பேருக்கும் 'இனி உங்கள் ரத்தம் ஏற்கப்படாது' என்று குறுஞ்செய்தி தானாகவே போய்விட்டது.

"அதுல ஒருத்தர் லாரன்ஸ். தச்சு வேலை பாக்கறவர். பாம்பே குரூப்புன்னு அபூர்வமான ரத்தம். அன்னைக்கு மத்தியானமே ஒரு பிரசவத்துக்கு அந்த ரத்தம் கேட்டாங்க. லிஸ்ட்ல யாருமே இல்லைன்னு காட்டுச்சு. குமுதவல்லியம்மாதான் ஞாபகமா அவரைக் கூப்பிட்டாங்க. வந்துட்டாரு. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க. குமுதவல்லியம்மாவுக்கு ஞாபகம் இல்லாம இருந்திருந்தா..."

ஜெசிந்தா ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றி, அவர் குரல் வந்த பக்கம் நீட்டினார். அவர் குடித்து முடித்ததும் கேட்டார்.

"மத்த நாற்பத்து ரெண்டு பேரு?"

"மறுநாளே எல்லாத்தையும் சரி பண்ணியாச்சு. 'முந்தைய செய்தி தவறு'ன்னு மொத்தமா ஒரு செய்தியும் அனுப்பியாச்சு."

"ரெண்டு செய்தி போயிருக்கு. அவங்க எதை நம்பியிருப்பாங்க?"

வைத்தியலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நம்பர் இருக்கா சார்?"

"இருக்கு. எல்லாரோட அட்டையையும் பிரிண்ட் எடுத்து வச்சிருக்கேன்."

"இங்கேயே உக்காந்து கூப்பிடுங்க. எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் வேலை இருக்கு."

"எல்லாருக்கும் குரல் செய்தி போற மாதிரி ஒரு சின்ன ஸ்கிரிப்ட்..."

ஜெசிந்தா ஹெட்போன் துடைப்பதை நிறுத்தினார். முகத்தில் கோபம் இல்லை. காத்திருந்தார். வைத்தியலிங்கம் செல்போனை எடுத்தார்.

முதல் இரண்டு பேர் "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்கள். மூன்றாவது, பழனியாண்டி என்று ஒரு பேருந்து நடத்துநர்.

"ஐயா, ரத்த வங்கிக்கு ப்ரோகிராம் எழுதினவன் பேசறேன். உங்களுக்கு வந்த செய்தி என் தப்பால வந்தது. உங்க உடம்புக்கு ஒண்ணும் இல்லை."

மறுமுனையில் பேருந்து நிலையத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது.

"ஐயா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார். ஆறு நாளா என் பொண்ணை நான் தூக்கலை. ரெண்டு வயசு சார் அவளுக்கு. எனக்கு என்னமோ வியாதின்னு நினைச்சுட்டேன். வீட்டுல என்னன்னு கேக்கறாங்க, சொல்ல முடியலை. தனித் தட்டுல சாப்பிடறேன்."

"ரெண்டாவதா ஒரு செய்தி வந்திருக்குமே..."

"வந்துச்சு. பயப்படக் கூடாதுன்னு அனுப்பறாங்கன்னு நினைச்சேன்." பிறகு மெதுவாகக் கேட்டார். "நிஜமாவே ஒண்ணும் இல்லையா சார்? பாத்துதானே சொல்றீங்க?"

"பாத்துட்டுத்தான் சொல்றேன். உங்க அட்டை என் முன்னாடி இருக்கு. போன தடவை பரிசோதனை எல்லாமே சுத்தம். வீட்டுக்குப் போய்ப் பொண்ணைத் தூக்குங்க."

செல்போனைக் கீழே வைத்துவிட்டு வைத்தியலிங்கம் கண்ணாடியைக் கழற்றினார். ஜெசிந்தா எதிரில் அமர்ந்திருந்தார். அவர் அழுவது ஜெசிந்தாவுக்குக் கேட்டது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தார்.

"அடுத்தது யாரு சார்?"

அன்று பத்தொன்பது பேர். மறுநாள் மீதி. போனை எடுக்காத இருவரின் வீட்டுக்கு அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

மூன்றாம் நாள் மடிக்கணினியோடு மாடியேறினார். நிஜமான விவரம் எதுவும் இல்லாத, சோதனைக்கான நகல் அதில் இருந்தது.

"இப்ப பொத்தானைப் பத்திக் கேட்கலாமா டீச்சர்?"

"கேளுங்க சார். திரையை அணைச்சுட்டுக் கேளுங்க."

அணைத்தார். ஜெசிந்தா ஸ்கிரீன் ரீடரை ஓட விட்டார். அது பேசிய வேகம் வைத்தியலிங்கத்துக்கு வெறும் இரைச்சலாக இருந்தது. ஜெசிந்தா வேகத்தைக் குறைத்தார். இன்னும் குறைத்தார்.

"உங்க ப்ரோகிராமைத் திறங்க."

திறந்தார். அதுவரை பேசிக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது.

"ஏன் டீச்சர் பேச மாட்டேங்குது?"

"ஜாவா ஜன்னலுக்குள்ள என்ன இருக்குன்னு வெளியே சொல்றதுக்கு ஒரு பாலம் இருக்கு சார். ஆக்சஸ் பிரிட்ஜ்னு பேரு. பல இடத்துல அது மூடியே கிடக்கும்."

ஜெசிந்தா அதைத் திறக்கும் கட்டளையை ஒரு வரியில் தட்டினார். மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னார். அப்படி ஒரு பாலம் இருப்பது இத்தனை வருடமாக வைத்தியலிங்கத்துக்குத் தெரியாது.

"இப்ப டேப் கீயை அடிங்க, அடுத்தடுத்த பொத்தானுக்குப் போகும். மவுஸ் வேண்டாம்."

அடித்தார்.

"பொத்தான்," என்றது குரல்.

மறுபடி அடித்தார்.

"பொத்தான்."

"பொத்தான். பொத்தான். பொத்தான்."

"அடுத்த அட்டைக்குப் போங்க சார்."

"எது அதுன்னு தெரியலையே."

"நீங்க எழுதினதுதானே?"

"எழுத்தே போடலை டீச்சர். எல்லாம் படம். சிவப்பா ஒரு சொட்டு, பச்சையா ஒரு அம்பு. ஒரு வாரம் உக்காந்து நானே வரைஞ்சேன். ரொம்ப அழகா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க."

"அழகாத்தான் இருந்திருக்கும்," என்றார் ஜெசிந்தா. அதில் கேலி இல்லை.

வைத்தியலிங்கம் குத்துமதிப்பாக ஒரு பொத்தானை அழுத்தினார்.

"உறுதியா?" என்றது குரல்.

"எதை உறுதியான்னு கேக்குது?" என்றார் ஜெசிந்தா.

"தெரியலை."

"அன்னைக்கு உங்க ஸ்கிரிப்டுக்கும் தெரிஞ்சிருக்காது."

வைத்தியலிங்கம் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தார்.

"நான் கேக்கற பாலத்து வழியாத்தான் உங்க ஸ்கிரிப்டும் கேக்கணும்," என்றார் ஜெசிந்தா. "இடத்தைச் சொல்லாதீங்க. இடம் மாறும். பேரைச் சொல்லிக் கேக்க வைங்க. அந்தப் பேர்ல ஒண்ணும் இல்லைன்னா நிக்கச் சொல்லுங்க."

"நின்னுட்டா வேலை?"

"வேலையும் நிக்கும்."

"அப்புறம்?"

"நீங்க வந்து பாப்பீங்க."

வைத்தியலிங்கம் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்தார். அதில் மூல நிரல் இருந்தது. எண்ணிப் பார்த்தார். மொத்தம் இருநூற்றுப் பதினாறு பொத்தான்கள். ஸ்கிரிப்டுக்குத் தேவையானவை ஏழு. ஏழுக்கும் பெயர் வைக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கேள்விப் பெட்டிகளையும் திருத்தினார். இப்போது அவை எந்தக் கொடையாளரை, எதற்காக என்று முழுதாகக் கேட்டன.

ஸ்கிரிப்ட் மறுபடி ஓடியது. முதல் நாள் பதினோரு முறை நின்றது. ஒவ்வொரு முறையும் அவர் போய்ப் பார்த்தார். ஒரு முறை அட்டையில் ரத்த வகையே இல்லை. ஒரு முறை ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை. குமுதவல்லி பக்கத்தில் வந்து நின்று சிரித்தார். "முன்னாடி ஓடினப்போ இதையெல்லாம் மிதிச்சுட்டே போயிருக்கும் சார்."

ஒன்பது நாளில் பதினோராயிரமும் ஏறிவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை.

வைத்தியலிங்கம் கொய்யாப்பழம் வாங்கிக்கொண்டு உறையூருக்குப் போனார். ஜெசிந்தா ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்து வைத்துக்கொண்டார்.

"முடிஞ்சுது டீச்சர். ஏழு பொத்தான்ல முடிஞ்சுது."

"மொத்தம் எத்தனைன்னு சொன்னீங்க?"

"இருநூத்துப் பதினாறு."

"மீதி?"

"மீதிக்கு எதுக்கு? இன்னும் அஞ்சு வாரத்துல அந்த ப்ரோகிராமையே மூடப்போறாங்க."

"அந்த மீதியை எதுக்கு வச்சீங்க சார்?"

"ஆளுங்க அழுத்தறதுக்கு."

"ஆளுங்க இன்னும் அஞ்சு வாரம் இருக்காங்கல்ல?"

அவ்வளவுதான் கேட்டார். பிறகு கொய்யாப்பழத்தை நறுக்கப் போய்விட்டார்.

வைத்தியலிங்கம் வீட்டுக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தார். முதல் பத்துப் பொத்தான்களுக்கு வேண்டா வெறுப்பாகத்தான் பெயர் வைத்தார். பதினைந்தாவதில் திரையை அணைத்துவிட்டுக் கேட்டுப் பார்த்தார். 'சேமி' என்றது குரல். எதைச் சேமி? 'முகவரியைச் சேமி' என்று மாற்றினார். அப்படியே அடுத்தது, அதற்கடுத்தது. யார் கை அங்கே வரும், அந்த நேரம் அவர்களுக்கு என்ன தெரிய வேண்டியிருக்கும் என்று ஒவ்வொன்றிலும் யோசித்தார். பன்னிரண்டு நாள் ஆனது. ஏன் செய்கிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஆனால் அரைகுறையாக விடவும் மனம் வரவில்லை.

பெயர் வைத்த மென்பொருளை ரத்த வங்கியின் கணினிகளில் ஏற்றி, எல்லாவற்றிலும் அந்தப் பாலத்தையும் திறந்துவிட்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு எல்லாம் முன்பு போலவேதான் இருந்தது.

அதற்கு அடுத்த சனிக்கிழமை காலையில் ஜெசிந்தா ரத்த வங்கிக்கு வந்தார். கையில் மடக்குக் கோல், தோளில் பை.

"வாங்க டீச்சர்," என்று வைத்தியலிங்கம் எழுந்தார். "என்னைப் பாக்கவா?"

"ரத்தம் கொடுக்க சார். இது பன்னிரண்டாவது தடவை."

வைத்தியலிங்கம் அதுவரை அதை அறிந்திருக்கவில்லை.

ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் எல்லோரும் ஒரு கணினியில் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவும் அதே மென்பொருளில் அவர் எழுதிய ஒரு பக்கம்தான். முப்பத்தொரு கேள்விகள். என்ன நோய், என்ன மாத்திரை, மாதவிலக்கு எப்போது, கருக்கலைந்ததுண்டா, யாரோடு உறவு. தடுப்புக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்து அவரவர் பதிலை அவரவர் அழுத்திவிட்டு வருவார்கள்.

"இத்தனை நாள் நீங்க எப்படி டீச்சர்..." என்று கேட்டவர் பாதியில் நிறுத்தினார்.

குமுதவல்லிதான் பதில் சொன்னார். "நாங்க யாராவது படிப்போம் சார். அவங்க சொல்லச் சொல்ல அழுத்துவோம். வரிசையில நிக்கறவங்களுக்குக் கேக்கத்தான் செய்யும். என்ன செய்யறது, அவங்களும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க." பழக்கத்தில் அவர் ஒரு நாற்காலியை இழுத்து, கணினி முன்னால் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவின் பக்கத்தில் போட்டார். அதற்குள் உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, போக வேண்டியதாயிற்று.

வைத்தியலிங்கம் அந்தக் காலி நாற்காலிக்கு அருகில் போனார்.

"நான் படிச்சுச் சொல்லட்டுமா டீச்சர்?"

ஜெசிந்தா பையிலிருந்து ஸ்கிரீன் ரீடர் இருந்த பென் டிரைவையும் தன் ஹெட்போனையும் எடுத்துக் கணினியில் செருகினார். விரல்கள் விசைப்பலகையில் இடம் பார்த்து அமர்ந்தன. டேப் ஒன்று அடித்தார். தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்டார். இன்னொன்று அடித்தார். முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

"வேண்டாம் சார்," என்றார். "நானே பாத்துக்கறேன்."