குறுக்குக்கோடு போட்ட கட்டம்

ஆற்றோர நாடு ஒன்றில் நிலப்படக்கூடம் இருந்தது. அதன் குரு நப்பின்னை. சீடன் தாமன், படகு ஓட்டுவதை விட்டுவிட்டுப் படம் வரைய வந்தவன். வயதில் அவளுக்கு மூத்தவன். அவன் அவளை ‘அம்மா’ என்பான். அவள் அவனை ‘அண்ணே’ என்பாள்.

முழு நாட்டின் படமும் ‘மேல்துணி’ என்ற ஒரே துணியில் நான்கு கட்டங்களாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெட்டி. அதற்குள் அந்தக் கட்டத்தை மட்டும் பெரிதாக வரைந்த துணி, அதிலும் நான்கு கட்டம். இப்படியே இறங்கினால் வீட்டு வாசல் வரை போகலாம். ஒன்றுமில்லாத கட்டத்தில் குறுக்குக்கோடு போட்டிருப்பார்கள். அதன் பெட்டியை யாரும் திறப்பதில்லை. அதனால்தான் கூடத்தில் எதைக் கேட்டாலும் சட்டென்று பதில் வரும்.

அந்த ஆண்டு மேல்துணியைப் புதிதாக வரைந்தவன் தாமன்.

கார்த்திகையில் கரை உடைந்து வெள்ளம் புகுந்தது. படகுத் தலைவன் ஓடி வந்தான்.

“ஜனம் எங்கெங்க இருக்கு? சீக்கிரம் சொல்லுங்க.”

தாமன் மூன்று பெட்டிகளைத் திறந்தான். ஊர்களைக் கடகடவென்று சொன்னான். படகுகள் எல்லாம் போய்விட்டன. அவனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

“தென்கிழக்குக் கட்டம்?” என்றாள் நப்பின்னை.

“வெறும் சதுப்பும்மா. கோடு போட்டிருக்கேன்.”

“திறங்க அண்ணே.”

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. மூடியோடு மல்லுக்கட்டித்தான் திறந்தான். ஒவ்வொரு துணியாக இறங்கினான். அடித்துணியில் ஒரு சின்ன மேடு. அதில் ஏழெட்டுக் குடிசைகள். போன கோடையில் அவனே நேரில் போய் வரைந்தது. அங்கே அவனுக்கு மீன்குழம்பு ஊற்றினார்கள். மேல்துணியில் அது கடுகளவுகூட வராது என்று கோடு போட்டவன், பிறகு மறந்தே போயிருந்தான்.

“அய்யோ” என்றான். கூடத்துப் பழைய படகை அவிழ்த்துக்கொண்டு அவனே போனான்.

பொழுது சாய, கடைசி நடையில் ஒரு கிழவரையும் ஒரு ஆட்டையும் ஏற்றிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஒருவர்கூட விடுபடவில்லை. உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

மறுநாள் மேல்துணியை எடுத்தான். கோட்டை அழித்தான். அந்த மேட்டை, குடிசைகளோடு, கட்டம் நிறைய வரைந்தான்.

நப்பின்னை ஈரத்துணியால் அதைத் துடைத்தாள்.

“அம்மா! மறுபடியும் மறைக்கிறீங்களே?”

“எல்லாத்தையும் இதிலேயே வரைஞ்சா, பெட்டி எதுக்கு அண்ணே?”

“அப்போ அவங்க?”

அவள் மையைத் தொட்டு, வெறுமையாக இருந்த கட்டத்தில் ஒரு புள்ளி வைத்தாள்.

“வரையாம விடலாம் அண்ணே. இல்லைன்னு மட்டும் சொல்லக் கூடாது.”