கை நனைக்க வந்தவர்

நெட்டேரித் தண்ணீரை ஞாயிறுதோறும் பாட்டிலில் பிடித்துச் சோதித்து நோட்டில் எழுதுகிறவர்கள் நாங்கள் ஆறு பேர். மூன்று வருஷமாய்ப் போட்ட மனுக்களுக்குப் பதில் சொல்ல ஒருவழியாய் ஒரு அதிகாரி வந்தார். ஊரைக் கூட்டி வைத்து, "ஏரி சுத்தமா இருக்கு. இல்லேன்னா லேப் கீப் எதுவும் இல்லாம இப்பவே நிரூபிங்க பாப்போம்!" என்றார்.

எங்களில் தையல்கடை சொர்ணலதா எழுந்தாள். "அது கெடக்கட்டும் சார். எங்க ஊருக்கு வந்துட்டுக் கை நனைக்காமப் போகலாமா?"

விருந்து என்று நினைத்து அதிகாரி முகம் மலர்ந்தது. "நனைச்சுட்டுத்தான் போவேன்!"

அவரை நேராக ஏரிக்கரைக்குக் கூட்டிப்போனாள். சாயப்பட்டறைக் கழிவு கரையெல்லாம் நுரைத்துக் கிடந்தது.

"நனைங்க சார்."

அவருடைய இரண்டு கையும் தானாகப் பேண்ட் பைக்குள் போய்விட்டன. ஊரே சிரித்தது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

மறுவாரம் ஏரியைச் சுற்றி வேலி வந்தது. 'இந்நீரில் கை நனைப்பது குற்றம்' என்று பலகையும் வைத்தார்கள். சாயப்பட்டறைக் குழாய்க்கு மட்டும் வேலியில் வழி விட்டிருக்கிறார்கள். பாட்டிலோடு போகிற எங்களைத்தான் காவலாளி பிடிக்கிறான்.