பத்து கட்டை கழிச்ச கதை

போர்வைய இழுத்துப் போத்திக்க. காலை ஆட்டாத. நீ ம் கொட்டுனாத்தான் சொல்லுவேன். ம் நின்னுச்சுன்னா நானும் நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருவேன், எனக்கு முதுகு வலி வேற.

ஒரு தாமான்ல ஒரு அண்ணியும் ஒரு நாத்தனாரும் இருந்தாங்க. கிள்ளான் பக்கத்துல வரிசை வரிசையா வீடு கட்டிவிட்ட தாமான். அண்ணி பேரு தனபாக்கியம், உங்க அப்பாவப் பெத்தவ. நாத்தனா யாருங்கிறியா? நாந்தான், உங்க தாத்தாவோட கூடப்பொறந்த தங்கச்சி. ரெண்டு பேருக்கும் ஆகாது. எதனால ஆகாதுன்னா, போலிங்குனால.

ம். அப்படிச் சொல்லு.

அப்போ பேரங்காடி ரெண்டாவது மாடியில போலிங் ஹால் இருந்துச்சு. செவ்வாக்கெழம ஆனா போட்டி, வருஷத்துக்கு ஒரு கோப்பை. டீமுக்கு நாலு பேரு. கல்யாணத்துக்கு முன்ன எங்கண்ணன் அர்ச்சுனன் டீம்ல நாந்தான் நாலாவது ஆளு. அப்புறம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆச்சு. புதுப்பொண்ண ஹாலுக்குக் கூட்டிட்டு வந்தான். அவ பந்தை ரெண்டு கையாலயும் அரிசி மூட்டை மாதிரி தூக்கிட்டு வந்து போட்டா பாரு, டொம்முன்னு விழுந்து, உருண்டு, ஓரத்து லோங்காங்கு வாய்க்கால்ல போயி படுத்துக்கிச்சு. அந்தக் கோடியில நிக்கிற பத்துக் கட்டையில ஒண்ணுகூட ஆடல. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவளும் சேந்து சிரிச்சா. அதுதான் எனக்குப் பிடிக்கல.

அப்புறம் ஒரு வருஷத்துல அவ பந்தை விட்டா கடகடகடன்னு போயி, சடசடன்னு பத்துக் கட்டையும் சாயும். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, ராஜம்மா நீ வேற டீம் பாத்துக்க, உங்க அண்ணி ஆடட்டும்னான். என் எடத்தை எடுத்து அவளுக்குக் குடுத்துட்டான். சரி போன்னு நான் தனி டீம் சேத்தேன். செவ்வாக்கெழமக் கோப்பை அவ கைக்குப் போகக்கூடாது, அவ்வளவுதான் என் வேண்டுதல். அவளுக்கும் ஆசை அது ஒண்ணுதான். குடும்பமா ஆடி ஒரு தடவையாவது ஜெயிச்சு, கோப்பையக் கொண்டாந்து டிவி பெட்டி மேல வைக்கணும். தாமான் முழுக்க இது தெரியும்.

தாமான் பொம்பளைங்களுக்கும் அவதான் ஆடக் கத்துக்குடுத்தா. கோயிலு, மார்க்கெட்டு தவிர வேற எங்கயும் போகாதவளுங்க. சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு, காலுறை மாட்டிக்கிட்டு, வரிசையா வந்து நிப்பாளுங்க. என்னத்துக்கு இந்தக் கூத்துன்னு நான் கேட்டேன். வீட்ல யாரும் இவங்களுக்குக் கை தட்டுறதில்ல, இங்க தட்டுறாங்கல்லன்னா.

தூங்கிட்டியா? ம். கேளு, இது முக்கியம்.

போட்டியில ஒரு சட்டம். ஒரு ஆளு வரலேன்னா ஆட்டத்தை நிறுத்த மாட்டாங்க. அந்த ஆளு வழக்கமா எத்தனை கட்டை சாய்ப்பாங்களோ, அதுல பத்தைக் கழிச்சிட்டு மிச்சத்த எழுதிக்குவாங்க. வராததுக்குத் தண்டனை அந்தப் பத்து. எழுதுறது போட்டிச் செயலாளர் லிம் அங்கிள். எஸ்டேட்ல வளந்த சீனரு, நம்மள விட நல்லா தமிழ் பேசுவாரு.

முதல் தடவை அவங்க டீமும் எங்க டீமும் கடைசி ஆட்டத்துக்கு வந்துச்சு. அப்போ உங்க அப்பனுக்கு மூணு வயசு. அன்னிக்குக் காலையில அவனுக்கு அம்மை போட்டிருச்சு. வாசல்ல வேப்பிலை செருகியாச்சு, பெத்தவ எப்படி வெளிய வருவா? வரல. லிம் பத்தைக் கழிச்சாரு. நாலு கட்டையில நாங்க ஜெயிச்சோம்.

ம்.

அப்புறம் நாலஞ்சு வருஷம் போச்சு. ரெண்டாந்தடவை. ஆட்டம் தொடங்க அஞ்சு நிமிஷம். கைதட்ட வந்த மாரியம்மாவுக்கு ஹால்லயே இடுப்பு வலி கண்டுருச்சு. நெறமாசக்காரி, ஆசைக்கு ஹால்ல வாடகைக்குக் குடுக்கிற சப்பாத்து வேற காலுல மாட்டியிருக்கா. தனபாக்கியம் பந்தை வச்சிட்டு, அவளத் தாங்கிப் பிடிச்சு டாக்சியில ஏத்திட்டுப் போயிட்டா. ஹால் பையன் பின்னாலயே சப்பாத்து, சப்பாத்துன்னு ஓடுறான். மாரியம்மாவுக்கு ஆம்பளப் புள்ள பொறந்துச்சு, அந்தச் சப்பாத்தோட. லிம் பத்தைக் கழிச்சாரு. ஏழு கட்டையில நாங்க ஜெயிச்சோம்.

சிரி, சிரி. சிரிச்சது போதும், கண்ணை மூடு.

அப்புறம் மூணாந்தடவை. அன்னிக்கும் அண்ணி வரல. அண்ணன் மூஞ்சி இருண்டு கெடக்கு. எங்க அண்ணின்னு கேட்டா, வேலையா இருக்கான்னான். வேலையாமே வேலை, தோத்துருவோம்னு பயந்துட்டா அண்ணின்னு எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னேன். லிம் பத்தைக் கழிச்சாரு. ஒம்பது கட்டையில ஜெயிச்சோம். கோப்பையத் தூக்கி படமெல்லாம் எடுத்தாச்சு. அப்புறம்தான் அண்ணன் பக்கத்துல வந்து சொன்னான்.

அம்மா குளியலறையில வழுக்கித் தடால்னு விழுந்துட்டாங்களாம். இடுப்பெலும்பு முறிஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்குறாங்களாம். யாரோட அம்மா? எங்கம்மா. என்னைப் பெத்தவங்க. அவங்க பக்கத்துல சாயங்காலத்துலேர்ந்து ஒக்காந்திருக்கிறது தனபாக்கியம். ராஜம்மா ஆடி முடிக்கட்டும், அதுக்கப்புறம் சொல்லுங்க, நீங்களும் போகலேன்னா அவளுக்குச் சந்தேகம் வந்துரும்னு அண்ணனையும் வெரட்டி விட்டிருக்கா.

நான் கோப்பையோடவே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். அங்க அவ எங்கம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருக்கா. என்னைப் பாத்து, ஜெயிச்சிட்டியான்னு கேட்டா. ஆமான்னேன். கோப்பையக் கட்டிலுக்கு அடியில தள்ளி விட்டேன். வெக்கமா இருந்துச்சு, அதான் உண்மை.

ம்.

அப்புறம் உங்க அப்பன் பெரியவனாயி டீமுக்கு வந்தான். உங்கம்மாவக் கட்டிக்கிட்டு வந்ததும் அவளையும் சேத்துக்கிட்டாங்க. அண்ணன், அண்ணி, மகன், மருமக, நாலு பேரும் ஒரே வீடு. அந்த வருஷம் அவங்கள யாராலயும் அசைக்க முடியல. நேரா கடைசி ஆட்டத்துக்கு வந்துட்டாங்க. எதுத்தாப்ல நாங்கதான்.

அதுக்கு மூணு வாரம் முன்ன ஒரு காலையில தனபாக்கியம் எந்திரிக்கல. அவ்வளவுதான். நோவு இல்ல, படுக்கை இல்ல.

எங்க ம் காணோம்? சரி, வேணாம். கையக் குடு, பிடிச்சுக்கிறேன்.

கருமாதி முடிஞ்சுது. அண்ணன் நான் ஹாலுக்கு வரமாட்டேன்னான். உங்க அப்பந்தான், அம்மா ஆசைப்பா, போய் ஆடிட்டு வந்துருவோம்னு கூட்டிட்டு வந்தான். போட்டி தொடங்குனப்புறம் பேரை மாத்த முடியாது. நாலு பேர்ல மூணு பேரு ஆடுனாங்க. தாமான் பொம்பளைங்க எல்லாம் பின்னால நின்னாங்க. யாரும் கை தட்டல. பந்து உருள்ற சத்தம் மட்டும் கடகடன்னு கேக்குது.

ஆட்டம் முடிஞ்சுது. லிம் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, தனபாக்கியம் பேருக்கு நேரா வரவில்லைன்னு எழுதி, பத்தைக் கழிச்சு, கூட்டிப் பாத்தாரு. நாங்க எட்டுக் கட்டையில ஜெயிச்சிட்டோம். என் டீமு எந்திரிச்சு நிக்குது.

அப்போ நான் சொன்னேன்.

"லிம்மு, அந்தப் பத்தைக் கழிக்காத."

"சட்டம் அப்படி லா, ராஜம்மா. வராதவங்களுக்குக் கழிக்கணும்."

"அவ வராதவ இல்ல. வர முடியாதவ."

லிம் பேனாவக் கீழ வச்சாரு. அப்புறம், எதிர் டீம் கேப்டன் ஒத்துக்கிட்டா பாக்கலாம்னாரு. நாந்தான் கேப்டன், எழுதுன்னேன். எழுதுனாரு. ரெண்டு கட்டையில அவங்க டீம் ஜெயிச்சிருச்சு. அண்ணன் கோப்பைய வாங்கிக்கிட்டு என்னைப் பாத்தான்.

எல்லாரும் ராஜம்மாவுக்குப் பெரிய மனசுன்னாங்க. என்ன பெரிய மனசு? அம்மை போட்ட புள்ளைய விட்டுட்டு அவளால வர முடிஞ்சிருக்குமா? வலியில துடிக்கிறவள விட்டுட்டு வந்திருப்பாளா? எங்கம்மாவ விட்டுட்டு? மூணு தடவையும் அவ வர முடியாதவதான். மூணு தடவையும் நாந்தான் கேப்டன். பத்தைக் கழிக்காதன்னு அன்னிக்கு லிம்முகிட்டச் சொன்ன அதே ஒரு வார்த்தைய அவ காது கேக்க ஒரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லல நான்.

ம் சொன்னியா? இல்ல, அது மூச்சு.

கட்டையெல்லாம் சாஞ்சிருச்சு, கதையும் சாஞ்சிருச்சு, நீயும் சாஞ்சு தூங்கு.