சாக்குக்குள் மேளம்

கல்லூரியை விட்டு வந்து முப்பது வருஷமாகியும் அதன் கால்பந்து அணியை விடாதவர் கோமதிநாயகம். பையன்கள் எங்கே ஆடினாலும் கேலரியில் மேளத்தோடு நிற்பார். சனிக்கிழமை இறுதிப் போட்டியில் அந்த அணி ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று மண்ணைக் கவ்வியது.

மறுநாள் காலை, தோளில் ஒரு அரிசிச் சாக்கோடு மடத்துக்கு வந்தார்.

குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சாக்குல என்ன, அண்ணாச்சி?”

“மேளம், சாமி. இனி இதைத் தொட மாட்டேன். இங்கயே கிடக்கட்டும்.”

“அதை எதுக்குச் சாக்குல கட்டியிருக்கிய?”

“பஸ்ல தெரிஞ்சவன் பாத்தா சிரிப்பாம்லா? ஒம்பது கோல், சாமி! பயலுவ மானத்தை வாங்கிட்டானுவ. கோல்கீப்பர் இசக்கிராஜ் நின்னானா தூங்குனானான்னே தெரியல. வெளிய தலைகாட்ட முடியல. இந்த அவமானத்தை எப்படித் தாங்குறது?”

குரு சாக்கை அவிழ்த்தார். மேளத்தைத் துண்டால் துடைத்து அவர் முன்னால் வைத்தார்.

“நம்ம பயலுவ கோல் போட்டா எப்படி அடிப்பிய?”

அடித்தார். வேம்பிலிருந்த காக்கை எல்லாம் பறந்தது. சமையற்கட்டிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். கோமதிநாயகத்தின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது.

“நேத்து மொதக் கோல் வாங்குனப்போ?”

இன்னும் வேகமாக அடித்தார். “விடாதீங்கலே, ஏறி ஆடுங்கன்னு அர்த்தம், சாமி. இசக்கிராஜ் இதைக் கேட்டா திரும்பிப் பாத்துக் கையைத் தூக்குவான்.”

“நாலாவதுக்கு?”

இரண்டு தட்டுத் தட்டினார். அதற்கே கை கனத்தது.

“அஞ்சாவதுக்கு அப்புறம்?”

கோமதிநாயகம் மேளத்திலிருந்து கையை எடுத்தார். அஞ்சாவது கோல் விழுந்ததும் பின்கேட் வழியாக நழுவியதையும், டீக்கடையில் சாக்கு கேட்டு வாங்கியதையும், மிச்ச நாலு கோலை பஸ் ஸ்டாண்டில் போனில் பார்த்ததையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டைத் தாண்டும்போது ஒருதரம் திரும்பிப் பார்த்திருந்தார். வலைக்குள் கிடந்த பந்தை எடுத்த இசக்கிராஜ் கேலரியையே பார்த்துக்கொண்டிருந்தான். அதை நினைத்ததும் வெட்கத்தில் உடம்பே கூசியது.

“அப்போ நான் அங்க இல்ல, சாமி.”

“பயலுவ இருந்தானுவளா?”

“இருந்தானுவ.”

“அப்போ அவனுவ காதுல கேட்டதை அடிச்சுக் காட்டுங்க.”

கோமதிநாயகம் மேளத்தின்மேல் கையை வைத்தார். அடிக்கக் கையைத் தூக்கவில்லை.