காப்புக் கட்டியதும் சொல்

ஆவுடையப்பனுக்கு நேரம் பார்க்காமல் எந்தக் காரியமும் ஓடாது. நகம் வெட்ட நாள் பார்ப்பார். கிணற்றில் தூர் எடுக்க நாழிகை பார்ப்பார். தும்மல் மட்டும்தான் அவரைக் கேட்காமல் வரும்.

வயதில் அவரே மூத்தவர். அவருடைய குருவான மலையடிச் சாமி இளையவர். ஆனாலும் சாமியின் மடத்தில் சேர்ந்த நாளிலிருந்து அவருக்கு எதிரில் ஆவுடையப்பன் உட்கார்ந்ததில்லை. சாமி எதற்கும் நேரம் பார்ப்பதில்லை என்பதில் அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. வாய்விட்டுச் சொன்னதில்லை.

மடத்தை ஒட்டியே ஊர் அம்மன் கோயில். பூசை எல்லாம் ஆவுடையப்பன் பொறுப்பு. அம்மன் கையில் மஞ்சள் கயிறு கட்டினால்தான் கொடைவிழா தொடங்கியதாக அர்த்தம். அதைக் காப்புக் கட்டுவது என்பார்கள். கட்டிய பிறகு ஊரில் சாவு விழுந்தால் கொடை நிற்காது. கட்டுவதற்கு முன்னால் விழுந்துவிட்டால் தொடங்கவே முடியாது.

போன வருஷம் அப்படித்தான் தள்ளிப்போய், கடைசியில் கொடை நடக்காமலே போனது. மழையும் பெய்யவில்லை. குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அம்மனைப் பட்டினி போட்டதால் வந்த வினை என்று ஊரே மனம் புழுங்கியது.

இந்த வருஷம் ஆவுடையப்பன் பஞ்சாங்கத்தோடு மல்லுக்கட்டி, ஒரு வெள்ளிக்கிழமை விடியலைக் கண்டுபிடித்தார். இதை விட்டால் இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்றார். ஊர் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த விடியலில் கோயில் வாசலில் ஊரே நின்றது. கயிற்றை மஞ்சளில் தோய்த்துக் கையில் எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்ச நேரம்தான். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மாசானம் வந்தான். கோயிலுக்கு அடுத்த வீட்டுக்காரன். அவனுடைய சின்ன மகள் காய்ச்சலில் கிடப்பது எல்லாருக்கும் தெரியும். டவுன் ஆஸ்பத்திரியிலேயே கையை விரித்து அனுப்பியிருந்தார்கள்.

அவன் முகத்தைப் பார்த்ததும் ஆவுடையப்பனுக்கு விளங்கிவிட்டது. பாவம், அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. அந்தக் குழந்தைக்குத் தினமும் திருநீறு பூசிவிட்டவர் அவர்தான். ஆனால் காதில் விழாத சாவுக்குத் தீட்டு இல்லை என்பதும் அவருக்குத் தெரியும். மாசானம் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார்.

"சொல்லாத மாசானம். காப்புக் கட்டியதும் சொல்லு."

"அய்யா, வீட்டுல அவ..."

"உன் பொஞ்சாதியையும் சத்தம் காட்டாம இருக்கச் சொல்லு. ஊர் நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

மாசானம் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். எல்லாரும் மழையில்லாமல் அவனோடு சேர்ந்து காய்ந்தவர்கள். வந்த வழியே போனான்.

மேளம் முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அடுத்த வீட்டில் மாசானத்தின் மனைவி பிரமாச்சி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, முந்தானையை வாய்க்குள் திணித்து உட்கார்ந்திருந்தாள். ஆவுடையப்பன் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டுத் தன் மணிக்கட்டிலும் ஒரு கயிறு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு மாசானம் வந்து சொன்னான். உச்சிப்பொழுதுக்குள் பிள்ளையைப் புதைத்துவிட்டார்கள்.

கொடை பல நாள் விழா. தடையில்லாமல் நடந்துகொண்டிருந்தது. ஊர் ஆவுடையப்பனைக் கொண்டாடியது. வானம் மூடிக்கிடந்ததே தவிர ஒரு சொட்டு விழவில்லை.

பிரமாச்சி அழவில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு மாரடித்து அழுதார்கள். அவள் யார் வீட்டுச் சாவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள். சோறும் இறங்கவில்லை. இப்படியே விட்டால் இவளும் போய்விடுவாள் என்று மாசானம் பயந்தான்.

மறுநாள் ஆவுடையப்பன் அந்தத் தெரு வழியே போகும்போது அவள் வாசலுக்கு வந்தாள்.

"அய்யா, இப்ப அழலாமா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அழும்மா" என்றார். அவள் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். சத்தம் ஒன்றும் வரவில்லை. அடுத்த நாளும் வந்து அதையே கேட்டாள். அதற்கடுத்த நாளும் கேட்டாள். பிறகு அவர் அந்தத் தெருவை விட்டுவிட்டுக் கோயிலின் பின்பக்கமாகச் சுற்றி வர ஆரம்பித்தார்.

எத்தனை நாள் சுற்றுவது? ஒரு மத்தியானம் சாமி முன்னால் போய் நின்று, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"காப்புக்கு ஏதாச்சும் பங்கம் வந்திருக்குமா சாமி? பரிகாரம் உண்டுன்னா சொல்லுங்க. நல்ல நாள் பாத்துச் செஞ்சிருதேன்."

"அந்த அம்மா வீட்டுக்குப் போனீங்களா?"

"வாசல்ல நின்னு பேசினேன்."

"உள்ள போகலையா?"

"காப்புக் கட்டின கை சாமி. சாவு வீட்டுப் படி ஏறக் கூடாது."

"கையைக் காட்டுங்க."

நீட்டினார். சாமி முடிச்சை நகத்தால் நெருடி அவிழ்த்தார். கொடை முடியாமல் காப்பு அவிழ்த்ததை ஆவுடையப்பன் கேள்விப்பட்டதே இல்லை. அவிழ்த்த கயிற்றைச் சாமி தம் மணிக்கட்டில் சுற்றி, பல்லால் இழுத்து முடிந்துகொண்டார்.

"மிச்ச நாள் பூசையை நான் பாத்துக்கிடுதேன். நீங்க அந்த அம்மா பக்கத்துல போய் உக்காருங்க."

"என்ன சொல்லணும் சாமி?"

"சொல்ல ஒண்ணும் வேண்டாம். அந்தப் பிள்ளைக்காக நீங்க அழுங்க."

ஆவுடையப்பனின் கண் ஏற்கெனவே கலங்கியிருந்தது. போகத்தான் நினைத்தார். வாசலில் கால் வைத்ததும் தலை தானாக நிமிர்ந்து வெயிலைப் பார்த்தது. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். அவருக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் திரும்பினார்.

"சாமி, இப்ப ராகு காலம் நடக்கு. கொஞ்சம் பொறுத்துப் போகட்டுமா?"

சாமி அவரையே பார்த்தார்.

"அன்னைக்கு நல்ல நேரமாத்தானே இருந்துச்சு."